டபிள்யூஎஸ்ஓபி யூரோப்: லண்டன்ல ஆரம்பிச்சு செக் பார்டர் வரைக்கும் வந்த கதை (அடிக்கடி கேக்கற கேள்விகள்)

முதல்ல, இது என்ன டோர்னமென்ட்?

லாஸ் வேகாஸ்ல 1970லேர்ந்து வேர்ல்ட் சீரிஸ் ஆஃப் போக்கர்னு (சுருக்கமா டபிள்யூஎஸ்ஓபி) ஒரு சீட்டாட்டப் போட்டி நடக்குதுல்ல, அதோட ஐரோப்பா கிளைதான் இது. ஒவ்வொரு ஈவென்ட்லயும் ஜெயிக்கறவங்களுக்கு பணத்தோட ஒரு பிரேஸ்லெட் குடுப்பாங்க, போக்கர் ஆடறவங்க கிட்ட கேட்டா பணம் வரும் போகும், கைல பிரேஸ்லெட் இருக்கான்னுதான் பாப்பாங்க. 2007 வரைக்கும் அத வாங்கணும்னா வேகாஸுக்குப் போறதத் தவிர வேற வழியே இல்ல. அந்த வருஷம் செப்டம்பர்ல லண்டன்ல மூணே மூணு ஈவென்ட் வச்சாங்க, அமெரிக்காவுக்கு வெளிய முதல் பிரேஸ்லெட்ட ஜெர்மனிக்காரர் தாமஸ் பீல் ஹார்ஸ் ஈவென்ட்ல ஜெயிச்சார். ஹார்ஸ்னா அஞ்சு விதமான போக்கர மாத்தி மாத்தி ஆடறது. ஆனா எல்லார் கண்ணும் இருக்கறதுலயே முக்கியமான ஆட்டமான மெயின் ஈவென்ட் மேலதான், இந்தப் பக்கமும் பெரும்பாலும் அதப் பத்திதான்.

யூரோப்பியன் போக்கர் டூர்னு ஒண்ணு இருக்கே, அதுவும் இதுவும் ஒண்ணா?

இல்ல. அது 2004ல ஜான் டூதி ஆரம்பிச்சது, பார்சிலோனா, மான்டே கார்லோன்னு வருஷம் பூரா ஊர் ஊரா போற சர்க்யூட். அதுல பிரேஸ்லெட் கிடையாது, கோப்பைதான். கூட்டத்த வச்சுப் பாத்தா அதுதான் பெருசு. ஆனா பிரேஸ்லெட்டுன்னா அது வேற போதை.

ஏன் லண்டன்ல ஆரம்பிச்சாங்க?

சிம்பிள், கடை அவங்களோடது. வேர்ல்ட் சீரிஸ் அப்ப ஹாராஸ் கம்பெனி கைல இருந்துச்சு, அவங்க 2006 கடைசில லண்டன் கிளப்ஸ்ங்கற கேசினோ கம்பெனிய வாங்கினாங்க. அதோட லெஸ்டர் ஸ்கொயர்ல இருக்கற எம்பயர் கேசினோவும் கைக்கு வந்துச்சு. அதே 2006ல அமெரிக்கால ஆன்லைன் சூதாட்டத்துக்குப் பணம் போறத மடக்க சட்டம் போட்டாங்க, அதனால போக்கர் கம்பெனிங்க எல்லாம் ஐரோப்பா பக்கம் திரும்பிப் பாக்க ஆரம்பிச்ச நேரம். போதாததுக்கு இங்கிலாந்துல சூதாட்டத்துல ஜெயிச்ச பணத்துக்கு ஆடறவங்க வரி கட்ட வேணாம். இன்னொரு விஷயமும் இருக்கு, வயசு. வேகாஸ்ல கேசினோக்குள்ள ஆட 21 ஆகணும், லண்டன்ல 18 போதும். இது எவ்ளோ பெரிய விஷயம்னு கொஞ்சம் கீழ வரும்.

பை-இன் (உள்ள உக்காந்து ஆடக் கட்டற பணம்) எவ்ளோ? இத ஏன் ஹை ஸ்டேக்ஸ், அதாவது பெரிய பணத்து ஆட்டம்னு சொல்றாங்க?

லண்டன்ல 10,000 பவுண்டு. வேகாஸ்ல மெயின் ஈவென்ட்டும் 10,000தான், ஆனா அது டாலர். 2007ல ஒரு பவுண்டு ரெண்டு டாலர் போச்சு, அப்ப லண்டன் டிக்கெட் வேகாஸ் டிக்கெட் மாதிரி டபுள். அதனால கூட்டமும் வேற மாதிரி, அந்த வருஷம் வேகாஸ்ல 6,358 பேர் ஆடினாங்க, லண்டன்ல 362 பேர். வேகாஸ்ல டிவி பாத்துட்டு வந்த அக்கவுன்டன்ட், டாக்டர், ரிட்டயர்டு மாமா எல்லாம் உக்காந்திருப்பாங்க, லண்டன்ல எந்த டேபிள்ல போட்டாலும் ரெண்டு மூணு பேர் பேர் தெரிஞ்ச ப்ரோ, அதாவது இதையே தொழிலா ஆடறவங்க. பணத்த விட இதுதான் இத கஷ்டமான டோர்னமென்ட்டா ஆக்கிச்சுன்னு நான் நினைக்கறேன்.

முதல் வருஷம் ஒரு பொண்ணு ஜெயிச்சாங்களாமே?

ஆமா, நார்வேலேர்ந்து அன்னெட் ஓப்ரெஸ்டாட். 19வது பொறந்தநாளுக்கு ஒரு நாள் முன்னாடி ஜெயிச்சாங்க. பிரேஸ்லெட் ஜெயிச்சதுலயே வயசுல ரொம்பச் சின்னவங்க இவங்கதான், அந்த ரெக்கார்ட உடைக்கணும்னா வேகாஸ்ல முடியவே முடியாது, 21 ஆகாம உள்ளயே விட மாட்டாங்களே.

இவங்க கதைய கொஞ்சம் விரிவாவே சொல்லணும். 15 வயசுல ஆன்லைன்ல ஆட ஆரம்பிச்சவங்க, காசு கட்டாம ஆடற ஃப்ரீரோல்ல ஜெயிச்ச சில்லறைய வச்சே மேல மேல வந்தாங்க, கைக்காசு எதுவும் போட்டதே இல்ல. ஆன்லைன்ல பேரே அன்னெட் 15. அப்புறம் ஒரு தடவ 180 பேர் ஆடற சின்ன டோர்னமென்ட்ல தன்னோட சீட்டையே பாக்காம ஆடினாங்க, ஒரே ஒரு தடவதான் எட்டிப் பாத்தாங்களாம், மத்தபடி எதிராளி எப்ப பயப்படறான் எப்ப துணியறான்னு மட்டும் வச்சு ஆடி அதையும் ஜெயிச்சிட்டாங்க. டேபிள்ல எங்க உக்காந்திருக்கோம், யார் எவ்ளோ போடறாங்க, இது சீட்ட விட முக்கியம்னு கோச்சிங் வீடியோல ஆயிரம் பேர் சொல்வாங்க, செஞ்சு காட்டினது இவங்க.

லண்டன்ல கடைசி கைல (ஒரு தடவ சீட்டு போட்டு ஆடி முடிக்கறது ஒரு கை) இவங்க கிட்ட ரெண்டு ஏழு, எதிர்ல ஜான் தபதபாய் கிட்ட அஞ்சும் ஆறும். ஃப்ளாப், அதாவது எல்லாருக்கும் பொதுவா டேபிள்ல திறக்கற முதல் மூணு சீட்டு, என்ன வந்துச்சு தெரியுமா, அஞ்சு ஆறு ஏழு. அவருக்கு டூ பேர் (ரெண்டு ஜோடி), இவங்களுக்கு அத விடப் பெருசா மூணு ஏழு. அந்த எடத்துல உலகத்துல யாரா இருந்தாலும் மொத்த சிப்ஸையும் உள்ள தள்ளுவாங்க, தபதபாய் மேல தப்பே சொல்ல முடியாது. பத்து லட்சம் பவுண்டு, அன்னிக்கு ரேட்டுல இருபது லட்சம் டாலர். வேகாஸ்ல பிரேஸ்லெட் ஈவென்ட் ஆட அவங்களுக்கு 2010 வரைக்கும் காத்திருக்க வேண்டியிருந்துச்சு, கொஞ்ச வருஷம் கழிச்சு போக்கர ஓரங்கட்டிட்டு யூடியூப்ல மேக்கப் வீடியோ போட ஆரம்பிச்சிட்டாங்க.

2008லயும் அதே 362 பேர்தான், அப்ப முதல் பரிசு ஏன் கம்மி?

நல்லா கவனிச்சீங்க. ரெண்டு வருஷமும் மொத்த பரிசுப் பூல் 36,20,000 பவுண்டுதான். 2007ல முதல் வருஷம்ங்கறதால ஜெயிக்கறவங்களுக்கு பத்து லட்சம்னு ரவுண்டா வச்சுட்டாங்க, அது பூல்ல 27 சதவீதத்துக்கும் மேல. 2008ல முதல் பரிசு 8,68,800, கணக்கு போட்டுப் பாத்தா சரியா 24 சதவீதம். 2009லயும் 2010லயும் அதே 24தான் வரும். மேல கொட்டினது குறைஞ்சா கீழ உள்ளவங்களுக்கு கொஞ்சம் கூட வரும், ஆடறவங்களுக்கு அதான் நியாயம், ஆனா பேப்பர்ல தலைப்புக்கு பத்து லட்சம்தான் நல்லா இருக்கும்.

அந்த 2008 ஃபைனல் டேபிளப் (கடைசியா மிஞ்சினவங்க ஆடற டேபிள்) பத்தி ஏன் அவ்ளோ பேசறாங்க?

ஏன்னா அது முடியவே இல்ல! 484 கை ஆடினாங்க, மதியம் ஆரம்பிச்சது மறுநாள் காலைலதான் முடிஞ்சுது, வேர்ல்ட் சீரிஸ் வரலாற்றுலயே அதுவரைக்கும் அவ்ளோ நீளமான ஃபைனல் டேபிள் கிடையாது. ஜெயிச்சது இந்தோனேசியால பொறந்த ஜான் ஜுவாண்டா, ஹெட்ஸ்-அப்ல (கடைசி ரெண்டு பேர் நேருக்கு நேர் மோதறது) எதிர்ல ரஷ்யாவோட ஸ்டானிஸ்லாவ் அலெக்கின். பேர் தெரிஞ்ச ப்ரோ டேனியல் நெக்ரானு அஞ்சாவது. மூணாவது வந்த இவான் டெமிடோவ்தான் இதுல சுவாரசியம், அவர் அந்த வருஷம் வேகாஸ் மெயின் ஈவென்ட் ஃபைனல் டேபிளுக்கும் போயிருந்தார். அந்த ஃபைனல நவம்பருக்குத் தள்ளி வச்சிருந்தாங்க, நடுவுல லண்டன் வந்து இங்கயும் ஃபைனல் டேபிள், அப்புறம் திரும்பப் போய் அங்க ரெண்டாவது. ஒரே வருஷத்துல ரெண்டுலயும் ஃபைனல்ங்கறது அதுவரைக்கும் யாரும் பண்ணாதது.

காபூல் பேங்க் ஆளு ஒருத்தர் பிரேஸ்லெட் ஜெயிச்சார்னு சொல்றாங்களே, உண்மையா?

உண்மைதான், அதே 2008ல. ஷேர்கான் ஃபர்னூத், ஆப்கானிஸ்தான்ல காபூல் பேங்க்க நிறுவினவர். ஹார்ஸ் ஈவென்ட்ல ஜெயிச்சு சுமார் 77,000 பவுண்டு எடுத்தார். ரெண்டு வருஷம் கழிச்சு, 2010ல, அந்த பேங்க்லேர்ந்து கோடிக்கணக்கான டாலர் பெரிய எடத்து ஆளுங்களுக்கு கடன்ங்கற பேர்ல போயிருந்தது வெளிய வந்துச்சு, ஜனங்க பேங்க் வாசல்ல வரிசை கட்டி நின்னாங்க, நாட்டோட பொருளாதாரமே ஆட்டம் கண்டுது. கேஸ் நடந்து ஜெயிலுக்குப் போனார், 2018ல அங்கயே செத்துட்டார். பிரேஸ்லெட் வாங்கினவங்க லிஸ்ட்ல இவர் பேர் இன்னும் அப்படியே இருக்கு. சொந்தக் காசுல ரிஸ்க் எடுக்கறவன் வேற, மத்தவன் டெபாசிட்ட வச்சு எடுக்கறவன் வேற.

லண்டன்ல மத்த ரெண்டு வருஷம்?

2009ல பேரி ஷுல்மன், 60 தாண்டினவர், கார்டு ப்ளேயர் பத்திரிகையோட ஓனர். ஹெட்ஸ்-அப்ல நெக்ரானுவயே அடிச்சிட்டார், எல்லாரும் நெக்ரானு ஜெயிச்சாச்சுன்னே நினைச்சுட்டிருந்தாங்க. தமாஷ் என்னன்னா அதே நேரத்துல அவர் பையன் ஜெஃப் ஷுல்மன் வேகாஸ் மெயின் ஈவென்ட் கடைசி ஒம்பது பேர்ல ஒருத்தரா நவம்பருக்குக் காத்திட்டிருந்தார், அஞ்சாவதா முடிச்சார். 2010ல ஜேம்ஸ் போர்ட், இங்கிலாந்துக்காரர் ஒருத்தர் சொந்த மண்ணுல ஜெயிச்ச ஒரே தடவ.

இவ்ளோ நல்லா போயிட்டிருந்தத ஏன் லண்டன விட்டுத் தூக்கினாங்க?

நல்லா போச்சான்னு பாருங்க: 362, 362, 334, 346. வளரவே இல்ல. எம்பயர்ல எடமும் கம்மி, ஊர்ல தங்கற செலவு வேற. அந்த சமயம் பிரான்ஸ் 2010ல ஆன்லைன் போக்கருக்கு லைசென்ஸ் குடுக்க ஆரம்பிச்சிருந்துது, அங்க பெரிய கேசினோ குரூப்பான பாரியேர் கூட கை கோத்து 2011ல கான் நகரத்துக்கு வந்துட்டாங்க, ஆமா சினிமா விழா நடக்கற அதே ஊர்தான். பவுண்டு போய் யூரோ வந்துச்சு, பை-இன் 10,400 யூரோ, அன்னிக்கு ரேட்டுல 10,000 பவுண்ட விட கம்மி. முதல் வருஷமே 593 பேர். எலியோ ஃபாக்ஸ்ங்கற அமெரிக்கப் பையன் 14 லட்சம் யூரோ எடுத்தார், ரெண்டாவது கிறிஸ் மூர்மன், ஆன்லைன் டோர்னமென்ட் உலகத்துல பெரிய தல.

ஹெல்மியூத் ஜெயிச்சது எப்ப?

அடுத்த வருஷமே, 2012, கான்லதான். 420 பேர், பரிசு 10,22,376 யூரோ. ஃபில் ஹெல்மியூத்தப் பிடிக்குதோ இல்லையோ (தோத்தா டேபிளச் சுத்தி நடந்து புலம்பற அந்த வீடியோ எல்லாம் பாத்திருப்பீங்க), இத ஒத்துக்கணும். 1989ல 24 வயசுல வேகாஸ் மெயின் ஈவென்ட் ஜெயிச்சவர், 23 வருஷம் கழிச்சு ஐரோப்பா மெயின் ஈவென்ட்டையும் ஜெயிச்சார், ரெண்டையும் ஜெயிச்ச முதல் ஆள். அது அவரோட 13வது பிரேஸ்லெட். அந்த காலகட்டத்துல ஆன்லைன் பசங்க எல்லாம் இவர் ஆட்டம் பழசு, கணக்கு தெரியாதுன்னு கிண்டல் பண்ணிட்டிருந்தாங்க, அந்தப் பசங்க நிறைஞ்ச டேபிள்ல உக்காந்துதான் ஜெயிச்சார்.

2013ல பாரிஸ்லயா நடந்துச்சு?

பாரிஸ்னு சொல்லிக்கலாம், நடந்தது பக்கத்துல ஆங்கியன்-லே-பேங்கற சின்ன ஏரிக்கரை ஊர்ல. பாரிஸச் சுத்தி 100 கிலோமீட்டருக்குள்ள கேசினோ கூடாதுன்னு பிரான்ஸ்ல பழைய சட்டம் ஒண்ணு, கந்தக ஊற்று ஊருங்கற பேர்ல இதுக்கு மட்டும் விதிவிலக்கு. ஜெயிச்சது ஸ்பெயின் பையன் ஆட்ரியான் மட்டேயோஸ், வயசு 19, பரிசு பத்து லட்சம் யூரோ. ஏதோ அதிர்ஷ்டம்னு விட்டவங்களுக்கு அவர் 2015ல யூரோப்பியன் போக்கர் டூரோட மான்டே கார்லோ கிராண்ட் ஃபைனலையும் ஜெயிச்சு, 2017க்குள்ள மூணு பிரேஸ்லெட் வாங்கி பதில் சொன்னார், அவ்ளோ சின்ன வயசுல மூணு அதுக்கு முன்னாடி யாரும் வாங்கினதில்ல. நெக்ரானுவும் அந்த வருஷம் அங்க 25,600 யூரோ ஹை ரோலர்ல (பெரிய பை-இன் ஈவென்ட்) ஜெயிச்சு, அதோட வருஷத்தோட சிறந்த ஆட்டக்காரருக்குக் குடுக்கற ப்ளேயர் ஆஃப் தி இயர் பட்டத்தையும் தட்டிட்டுப் போனார்.

பெர்லின்ல கொள்ளை நடந்ததா படிச்சேன், அது இந்த டோர்னமென்ட்லயா?

இல்ல, நிறைய பேர் கொழப்பிக்கறாங்க. கொள்ளை நடந்தது 2010 மார்ச்ல, யூரோப்பியன் போக்கர் டூர் நடந்துட்டிருந்தப்ப, போட்ஸ்டாமர் பிளாட்ஸ்ல இருக்கற ஹோட்டல்ல. முகமூடி போட்ட ஆளுங்க பட்டாக்கத்தியோட நுழைஞ்சு சுமார் 2,42,000 யூரோ தூக்கிட்டு ஓடினாங்க. டோர்னமென்ட் அன்னிக்கே திரும்ப ஆரம்பிச்சுது, கொள்ளையடிச்சவங்களும் அப்புறம் மாட்டினாங்க. அத ஜெயிச்சது கெவின் மெக்ஃபீங்கற அமெரிக்கர், பத்து லட்சம் யூரோ.

இப்ப நம்ம டோர்னமென்ட்டுக்கு வாங்க. 2014ல ஐரோப்பால நடக்கல, ஏன்னா மெல்போர்ன்ல ஆசிய பசிபிக் சீரிஸ்னு ஒண்ணு ஆரம்பிச்சு ஒரு வருஷம் அங்க ஒரு வருஷம் இங்கன்னு மாத்திக்கிட்டாங்க. 2015ல ஐரோப்பா முறை வந்தப்ப பெர்லின், அதே போட்ஸ்டாமர் பிளாட்ஸ்ல இருக்கற கேசினோ. ஜெயிச்சது யாரு? அதே கெவின் மெக்ஃபீ, 8,83,000 யூரோ. அஞ்சு வருஷம் கழிச்சு அதே ஏரியால திரும்ப. ஆனா வந்தது 313 பேர்தான், எல்லா வருஷத்துலயும் கம்மி. 2016ல எதுவுமே நடக்கல, அவ்ளோதான் மூடிட்டாங்கன்னுதான் எல்லாரும் நினைச்சாங்க.

ராஸ்வதோவ்னா எங்க இருக்கு? ஏன் அங்க?

செக் நாட்டுல, ஜெர்மன் எல்லைய ஒட்டின கிராமம், ஆயிரம் பேர் கூட கிடையாது. பிராகுக்கும் நியூரம்பர்குக்கும் நடுவுல ஹைவே போகுது, எல்லையத் தாண்டினதும் வண்டிய திருப்பினா கிங்ஸ் கேசினோ. லெஸ்டர் ஸ்கொயர், கான் கடற்கரை, பாரிஸ் பக்கத்து ஏரின்னு சுத்திட்டு அப்புறம் இங்க வந்துது, 2017ல அறிவிச்சப்ப ப்ரோ பசங்க பண்ணாத கிண்டல் இல்ல. ஹோட்டல் விட்டு வெளிய வந்தா வயலும் ரோடும்தான், சாப்பாட்டுலேர்ந்து தூக்கம் வரைக்கும் எல்லாம் அந்த ஒரே பில்டிங்ல.

ஆனா கணக்கு வேற சொல்லுது. 2017ல 529, 2018ல 534, 2019ல 541, கொரோனால 2020 போச்சு, 2021ல 688, 2022ல 763, 2023ல 817, 2024ல 768. கான்ல வந்த 593ஐ தவிர பழைய ஊர் எதுவுமே கிட்ட வரல. காரணம் என்னன்னா, மத்த எடத்துல கேசினோல ஒரு மூலைல போக்கருக்கு எடம் ஒதுக்குவாங்க, இங்க கேசினோவே போக்கருக்காகக் கட்டினது, ஓனர் லியோன் சூகெர்னிக்கும் பெரிய ஸ்டேக்ஸ் ஆடறவர், 160 டேபிளுக்கு மேல போடலாம். 2017ல மெயின் ஈவென்ட்டுக்கு 50 லட்சம் யூரோ கேரன்டின்னு அறிவிச்சாங்க. கேரன்டின்னா ஆள் வரலைன்னா மிச்சத்த கேசினோ தன் கைலேர்ந்து போடணும். 10,350 யூரோ பை-இன்ல 9,500 பூலுக்குப் போகும், 529ஆல பெருக்கிப் பாருங்க, 50,25,500. நூலிழைலதான் தப்பிச்சாங்க. ஜெர்மனிக்காரங்க, ஆஸ்திரியாக்காரங்க கார்லயே வந்துடலாம், சாப்பாடு தங்கறது எல்லாம் லண்டன் கான் விலைல பாதி கூட இல்ல. ரீ-என்ட்ரி (தோத்தவர் திரும்பப் பணம் கட்டி உள்ள வர்றது) இருக்கறதால இந்த நம்பர்ல ஒரே ஆள் ரெண்டு தடவ எண்ணப்பட்டிருப்பார்ங்கறதையும் சொல்லிடணும், 2007ல 362னா 362 ஆளு.

அங்க ஜெயிச்சவங்க யார் யார்?

2017ல ஸ்பெயினோட மார்த்தி ரோகா தெ டோரெஸ், 2018ல இங்கிலாந்தோட ஜாக் சின்க்ளேர் (முந்தின வருஷம் வேகாஸ் மெயின் ஈவென்ட்ல எட்டாவது வந்தவர்), 2019ல கிரீஸோட அலெக்ஸாண்ட்ரோஸ் கொலோனியாஸ், 2021ல உள்ளூர் செக் ஆளு யோசெஃப் குலாஸ், 2022ல ஸ்வீடனோட ஓமர் எல்ஜாக், 2023ல ஆஸ்திரியாவோட மேக்ஸ் நாய்கபவுவர், இவருக்கு ரவுண்டா 15 லட்சம் யூரோ, இதுவரைக்கும் சொன்ன பரிசுல யூரோக் கணக்குல அதுதான் அதிகம். 2024ல இத்தாலியோட சிமோனே ஆண்ட்ரியான், 13 லட்சம். லிஸ்ட்டப் பாத்தா ஒண்ணு புரியும், 2017லேர்ந்து 2024 வரைக்கும் ஒரு அமெரிக்கர் கூட இல்ல. ராஸ்வதோவ் வந்தப்புறம்தான் இது பேருக்கேத்த மாதிரி ஐரோப்பா டோர்னமென்ட்டா ஆச்சு.

மெயின் ஈவென்ட்ட விட பெரிய பை-இன் இருந்துச்சா?

இருந்துச்சு. 2017லயே 1,11,111 யூரோ கட்டி ஆடற ஒன் டிராப் ஹை ரோலர், தண்ணி இல்லாத எடங்களுக்கு உதவற ஒன் டிராப் அமைப்புக்காக ஒவ்வொரு பை-இன்லயும் ஒரு பங்கு போகும். 132 என்ட்ரி. டொமினிக் நிட்ஷே 34,87,463 யூரோ எடுத்தார், அந்த வருஷ மெயின் ஈவென்ட் ஜெயிச்சவர விட மூணு மடங்கு. ஆனா இப்ப யார் கிட்டயாவது 2017ல யார் ஜெயிச்சாங்கன்னு கேட்டா மெயின் ஈவென்ட் பேரத்தான் சொல்வாங்க.

பிரேஸ்லெட் மதிப்பு குறைஞ்சுடுச்சுன்னு சொல்றாங்களே?

பாதி சரி. லண்டன்ல மூணு பிரேஸ்லெட்டோட ஆரம்பிச்சது, 2019லேர்ந்து வருஷத்துக்கு 15. சில சின்ன ஈவென்ட்ல பை-இன் ரொம்பக் கம்மி, அதையும் அன்னெட் ஜெயிச்சதையும் ஒரே தட்டுல வைக்க முடியாது. மெயின் ஈவென்ட்டப் பொறுத்தவரைக்கும் எனக்கு அந்தப் புகார் செல்லாது, 2024 வரைக்கும் பை-இன் அதே 10,000 சொச்சம், ஆளு டபுள். லண்டன் டேபிள் இத விட கஷ்டம்னு சொன்னா ஒத்துக்குவேன், மதிப்பில்லைன்னு சொன்னா ஒத்துக்க மாட்டேன்.

ப்ளேயர் ஆஃப் தி இயர்ல ஏதோ குளறுபடின்னாங்களே?

அப்ப வேகாஸ்ல எடுத்த பாயின்ட்டோட ஐரோப்பா பாயின்ட்டும் சேந்துச்சு, அதனால வருஷக் கடைசில ராஸ்வதோவ்ல ஒரே ரேஸ் நடந்துச்சு. 2017ல கிறிஸ் ஃபெர்குசன் அங்க ஒரு பிரேஸ்லெட்டும் ஜெயிச்சு, குட்டி குட்டி கேஷா (ஜெயிக்காட்டியும் பரிசு வாங்கற எடம் வரைக்கும் வர்றது) அடுக்கி பட்டத்த எடுத்தார். ஃபுல் டில்ட்ங்கற ஆன்லைன் போக்கர் சைட் மூடினப்ப ஆடறவங்க பணம் மாட்டிக்கிட்ட விவகாரத்துல அவர் மேல கோபம் இருந்ததால நிறைய பேர் கை தட்டவே இல்ல. 2019 இன்னும் மோசம். நெக்ரானு, ராபர்ட் கேம்ப்பெல், ஷான் டீப் மூணு பேரும் கடைசி நாள் வரைக்கும் முட்டி மோதினாங்க, நெக்ரானு ஜெயிச்சார்னு அறிவிச்சு வாழ்த்தெல்லாம் சொல்லி முடிச்சாச்சு. அப்புறம் ரஷ்யாக்காரர் ஒருத்தர் உக்காந்து கூட்டிப் பாத்தா, நெக்ரானு காசே வாங்காத ஒரு ஈவென்ட்டுக்கு அவர் பேர்ல பாயின்ட் ஏறியிருக்கு. கழிச்சா கேம்ப்பெல் முதல், டீப் ரெண்டு, நெக்ரானு மூணு. வேர்ல்ட் சீரிஸ் தப்ப ஒத்துக்கிட்டு பட்டத்த கேம்ப்பெல்லுக்கு மாத்தினாங்க. இவ்ளோ பணம் பொழங்கற எடத்துல பாயின்ட்ட ரெண்டாவது ஆள் ஒருத்தர் கூட சரி பாக்கலன்னா என்னத்தச் சொல்ல.

அன்னெட்டுக்கு அப்புறம் வேற பொண்ணு யாராவது மெயின் ஈவென்ட் ஜெயிச்சாங்களா?

2024 வரைக்கும் இல்ல.

இப்ப இது யார் கைல இருக்கு?

ஹாராஸ் பின்னாடி சீசர்ஸ்னு பேர் மாத்திக்கிச்சு, அவங்க 2024ல வேர்ல்ட் சீரிஸ் பிராண்டையே 50 கோடி டாலருக்கு ஜிஜிபோக்கர்ங்கற ஆன்லைன் போக்கர் சைட்டோட தாய்க் கம்பெனியான என்எஸ்யூஎஸ்க்கு வித்துட்டாங்க. கேசினோ கம்பெனி ஒண்ணு லண்டன்ல கடை வாங்கினதால பொறந்த டோர்னமென்ட், இப்ப ஆன்லைன் கம்பெனி கைல.